மென்டார்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். எதைச் சொல்லிக் கொடுப்பது?

கோவை_பயிற்சிப்பிரிவு

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பொறுப்பைப் பார்க்கிறேன். வருடத்துக்கு 18 அப்ரண்டிஸ்களை எடுக்கிறோம். பெரும்பாலும் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள், கொஞ்சம் டிப்ளமோ. 9 சீனியர் ஆபரேட்டர்களுக்கு மென்டார் என்று பெயர் வைத்து, ஆளுக்கு இரண்டு பேரை ஒப்படைக்கிறோம். ஒப்படைத்ததும் எங்கள் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். கோளாறு அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருடம் 18 பேரில் 7 பேர் நான்கு மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள். ஸ்டைபண்ட் போதவில்லை, அதனால் போகிறார்கள் என்று மேலே பேசிக்கொண்டார்கள். நான் ஏழு பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசினேன். பணத்தைக் காரணமாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒரு பையன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "மூணு மாசம் பக்கத்துல நின்னு பார்த்தேன் சார். ஒருநாளாவது மெஷினைத் தொடச் சொல்வாங்கன்னு நெனச்சேன்." இன்னொரு பெண், "சந்தேகம் கேட்டா, இதுகூடத் தெரியாதாங்கறாங்க. அப்புறம் கேக்கவே பயமாயிருச்சு" என்றாள்.

அந்தப் பெண்ணின் மென்டாரை எனக்கு 11 வருடமாகத் தெரியும். தங்கமான மனிதர். எங்கள் ஷாப்பிலேயே ரிஜெக்ஷன் மிகக் குறைவாக வருவது அவர் மெஷினில்தான். அதனால்தான் அவரை மென்டார் ஆக்கினோம்.

இந்த வருடம் அப்படி ஆகக் கூடாது என்று நிர்வாகம் சொல்கிறது. ஒரு சனிக்கிழமை, வெளியிலிருந்து ஆளை வரவழைத்து, ஒன்பது பேருக்கும் ஒருநாள் வகுப்பு நடத்திவிடச் சொல்கிறார்கள். அந்த ஒரு நாளில் எதை வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

திருப்பூர்_எச்ஆர்

நாங்கள் இரண்டு தடவை நடத்தியிருக்கிறோம். காலையில் மென்டாரின் பொறுப்புகள், எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது, குறையை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது. மதியம் இருவர் இருவராக நடித்துப் பார்க்கும் பயிற்சி. கலந்துகொண்டவர்கள் நன்றாக இருந்தது என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு மாதம் கழித்து லைனில் போய்ப் பார்த்தபோது பழையபடிதான் இருந்தது. என்ன தவறு என்று எனக்கும் தெரிய வேண்டும். இழையைத் தொடர்கிறேன்.

லேத்_22வருடம்

நான் ஆபரேட்டர். 22 வருடம் டர்னிங். ஆறு வருடமாக மென்டார் என்றும் சொல்கிறார்கள். இந்த இழையில் என்னைப் போன்றவர் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மெஷினுக்கு ஒரு ஷிஃப்டுக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு உண்டு. அதைத் தாண்டினால் இன்சென்டிவ். ஒரு பையனை நிறுத்தி ஒரு டூல் மாற்றக் கற்றுக் கொடுத்தால் 20 நிமிடம் போகும். அவன் கையால் செய்ய விட்டால் 40 நிமிடம். அவன் ஒரு பீஸைக் கெடுத்தால் அது என் பெயரில் ரிஜெக்ஷன். சாயங்காலம் சூப்பர்வைசர் போர்டில் எண்ணை எழுதும்போது, "இன்று பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார்" என்று பக்கத்தில் எழுதுவதில்லை. குறைந்த எண்ணை மட்டும் எழுதுகிறார்.

இப்போது சொல்லுங்கள், நான் அவனை மெஷினைத் தொட விடுவேனா? பர்ர் (வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறு) எடு, காற்று அடி, டிரேயில் அடுக்கு என்றுதான் சொல்வேன். அவன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. என் மகன் வயசு. வீட்டுக்குப் போகும்போது மனசு உறுத்தும். மறுநாளும் அதையேதான் செய்வேன்.

போன வருடம் ஒரு வகுப்புக்கு எங்களையும் அழைத்துப் போனார்கள். பொறுமையாக இருங்கள், அன்பாகப் பேசுங்கள் என்றார்கள். நல்ல மனிதர், நன்றாகத்தான் பேசினார். ஆனால் பொறுமை எனக்கு நிறைய இருக்கிறது சார். நேரம்தான் இல்லை.

கோவை_பயிற்சிப்பிரிவு

அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே பிரிண்ட் எடுத்து எங்கள் பிளான்ட் மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம்ம போர்டுலயும் அப்படித்தானே எழுதறோம்" என்றார்.

ஒரு கேள்வி. நேரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போர்டில் கணக்கும் சரியாகிவிட்டது. அப்போது சொல்லிக் கொடுப்பது தானாக வந்துவிடுமா?

லேத்_22வருடம்

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குக் கை போகிறது, வாய் வருவதில்லை. இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) தேய்ந்துவிட்டதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். எப்படி என்று பையன் கேட்டால், "கேட்டுப் பாரு, புரியும்" என்பேன். அவனுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்கும். எனக்கு அது புரிய எத்தனை வருடம் ஆனது என்பதே மறந்துவிட்டது.

ஓசூர்_பயிற்றுநர்

அண்ணன் சொன்ன இந்த இடத்தில் நானும் பல வருடம் முட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை நன்றாகத் தெரிந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் தெரியும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நாம் மட்டும் இல்லை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இதே சிக்கல் வந்தது. தொழில் தெரிந்தவர்கள் போருக்குப் போக, ஆலைக்குள்ளேயே கால் வைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். 1940இல் அரசே ஓர் அமைப்பைத் தொடங்கி, ஃபோர்மென்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் சொல்லிக் கொடுக்கும் முறையைக் கற்றுத் தந்தது. டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி என்று பெயர், டி.டபிள்யூ.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1945இல் மூடப்படுவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட ஆலைகளுக்குப் போயிருந்தது. போருக்குப் பின் ஜப்பானுக்கும் போய், டொயோட்டா போன்ற இடங்களில் வேரூன்றியது.

அதில் வேலையைக் கற்றுக் கொடுப்பதற்கான வகுப்பு மொத்தம் 10 மணி நேரம். ஒரே நாளில் முடிப்பதில்லை, இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து நாள். ஒரு தொகுதிக்கு 10 பேருக்கு மேல் கிடையாது. கோவை நண்பரே, உங்கள் 9 பேர் ஒரு தொகுதிக்குச் சரியாக வருவார்கள்.

முதல் நாள் ஒரு முடிச்சில் தொடங்கும். மின்வயர் வேலையில் போடும் முடிச்சு. நடத்துபவர் ஒருவரைக் கூப்பிட்டு, முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் சொல்வார். அவரால் போட முடியாது. அடுத்தவருக்கு வாய் திறக்காமல் கையால் மட்டும் போட்டுக் காட்டுவார். அவராலும் முடியாது. அதற்குப் பிறகுதான் மூன்றாவது ஆளுக்கு முறையாகச் சொல்லிக் கொடுப்பார். நான் இதை நம் ஆட்களிடம் செய்து பார்த்திருக்கிறேன். 25 வருடம் வேலை பார்த்தவர் கையில் வயரை வைத்துக்கொண்டு விழிப்பார். "இப்பத்தான் தெரியுது சார், பசங்க ஏன் முழிக்கறாங்கன்னு" என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்குப் பொறுமையைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டியே இருக்கவில்லை.

முறை நான்கு படி. ஆளைத் தயார் செய்வது, அதாவது பதற்றத்தைப் போக்கி, அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. அடுத்து ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவது. மூன்றாவது, அவனைச் செய்ய விட்டு, செய்துகொண்டே நமக்கு விளக்கச் சொல்வது. நான்காவது, தனியாக விட்டு, யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்து, அடிக்கடி போய்ப் பார்ப்பது. நம் ஊரில் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறோம். மூன்றாவதில்தான் அவனுக்குப் புரிந்ததா என்பது நமக்கே தெரியவரும்.

இதற்கெல்லாம் முன்னால் மென்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வேலையைப் பிரித்து ஒரு தாளில் எழுதுவது. இடப்பக்கம் முக்கியமான படிகள். வலப்பக்கம் ஒவ்வொரு படியிலும் எது தவறினால் வேலை கெடும், கையில் அடிபடும், அல்லது எதைச் செய்தால் சுலபமாக இருக்கும் என்ற நுணுக்கம். ஏன் என்ற காரணத்தையும் சேர்த்து எழுதச் சொல்வேன். ஒரு வேலைக்கு ஒரு பக்கம் போதும். லேத் அண்ணா, முடிந்தால் உங்கள் வேலையில் ஒன்றை எழுதிப் பாருங்கள்.

லேத்_22வருடம்

எழுதினேன். மூன்று நாள் ஆனது. நான் எடுத்துக்கொண்டது, அளவு கொஞ்சம் கூடும்போது வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்காக மெஷினில் போட்டுவைக்கும் எண்ணில்) திருத்தம் போடுவது. நான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

நம் ஊரில் அதிகம் ஓடும் ஃபேனக் கன்ட்ரோலில் (மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரில்) 'இன்புட்' என்று ஒரு கீ, '+இன்புட்' என்று ஒரு கீ, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். '+இன்புட்' அழுத்தினால் பழைய எண்ணோடு கூட்டிக்கொள்ளும். 'இன்புட்' அழுத்தினால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். வேர் ஆஃப்செட் ஏற்கெனவே −0.12இல் இருக்கிறது, விட்டம் 0.02 கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். −0.02 அடித்து '+இன்புட்' போட்டால் −0.14 ஆகும், அளவு சரியாக வரும். 'இன்புட்' போட்டால் வெறும் −0.02 ஆகிவிடும். அடுத்த பீஸ் 0.12 கூடுதலாக வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் இருந்த பையன் ஒருவன் இதே தவறைச் செய்தான். அடுத்த அளவு பார்ப்பதற்குள் 14 பீஸ் ஓடிவிட்டது. எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். அதற்கடுத்த வாரம் அவன் வரவில்லை.

இப்போது தாளில் எழுத உட்கார்ந்தபோது யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு கீக்கும் என்ன வித்தியாசம் என்று அவனுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் விரல் எதை அழுத்துகிறது என்பதை அவன் பின்னால் நின்று பார்த்தான், அவ்வளவுதான். பின்னால் நின்றால் ஸ்கிரீன் கூடச் சரியாகத் தெரியாது.

ஓசூர்_பயிற்றுநர்

அண்ணா, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

லீட்ஸ்_செவிலி

நான் வேறு துறை. மதுரைப் பக்கத்தில் படித்துவிட்டு, இங்கிலாந்தில் அரசு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். ஆனால் மென்டார் விஷயத்தில் நீங்கள் பேசுவதும் நாங்கள் பட்டதும் ஒன்றுதான்.

இங்கே மாணவச் செவிலியர் படிப்பில் பாதி நேரம் வார்டில்தான் இருப்பார்கள். முன்பு வார்டில் ஒரு மென்டார் இருப்பார். செவிலியர் கவுன்சில் 2008இல் வெளியிட்ட விதிகளில் மென்டாரை எப்படித் தயார் செய்வது, வருடத்துக்கு ஒருமுறை எப்படிப் புதுப்பிப்பது என்றெல்லாம் இருந்தது. ஒருவரிடம் ஒரே நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மேல் விடக் கூடாது. கடைசிப் பயிற்சிக் காலத்தில் தேர்ச்சிக்குக் கையெழுத்துப் போடும் மென்டாருக்கு ஒரு மாணவருக்கு வாரம் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். லேத் அண்ணன் கேட்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். விதியில் எழுதியிருந்தும் ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் அடிபடுவது அதுவாகத்தான் இருந்தது. அதனால் நேரம் தருகிறோம் என்று வாயால் சொன்னால் போதாது. டியூட்டி அட்டவணையில் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மென்டாரே சொல்லிக் கொடுப்பவர், அவரே தேர்ச்சி போடுபவர் என்று இருந்ததில் ஒரு சிக்கல் வந்தது. 2003இல் கேத்லீன் டஃபி என்ற ஆய்வாளர், மாணவர் தேறவில்லை என்று மனதுக்குத் தெரிந்தும் மென்டார்கள் ஃபெயில் போடத் தயங்குகிறார்கள் என்று எழுதினார். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று மாதம் கூடவே இருந்த பிள்ளை, வீட்டுக் கஷ்டமெல்லாம் நம்மிடம் சொன்ன பிள்ளை. எப்படி மனசு வரும்?

2018இல் புது விதிகள் வந்தன. இப்போது கூட இருந்து சொல்லிக் கொடுப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் இன்னொருவர். ஒரே மாணவருக்கு இருவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. இதிலும் குறை உண்டு, கூட இல்லாதவர் எப்படிச் சரியாக மதிப்பிடுவார் என்ற பேச்சு வார்டில் ஓயவில்லை. ஆனால் எனக்கு ஒரு பாரம் இறங்கியது உண்மை. மாணவியும் தனக்குத் தெரியாததை என்னிடம் பயமில்லாமல் ஒத்துக்கொள்கிறாள்.

திருப்பூர்_எச்ஆர்

சிஸ்டர், பெரிய மருத்துவமனைக்கு அது சரி. எங்களுடையது 60 பேர் வேலை பார்க்கும் யூனிட். மென்டார், மதிப்பிடுபவர் என்று இரண்டு ஆளுக்கு எங்கே போவது? சூப்பர்வைசரே மென்டார், அவரே சம்பளத்துக்கும் சிபாரிசு செய்பவர். வேறு வழி இல்லை.

லீட்ஸ்_செவிலி

கஷ்டம் புரிகிறது அண்ணா. முழுசாகப் பிரிக்க முடியாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கடைசிச் சோதனையை மட்டும் பக்கத்து லைன் சூப்பர்வைசரைப் பார்க்கச் சொல்லலாமே. அவரிடம் இருக்கும் பிள்ளைகளை உங்கள் சூப்பர்வைசர் பார்க்கட்டும். 60 பேர் இருக்கும் இடத்தில் இரண்டு சூப்பர்வைசராவது இருப்பார்கள்.

திருப்பூர்_எச்ஆர்

இது எனக்குத் தோன்றவே இல்லை. செய்து பார்க்கிறேன்.

ஸ்டுட்கார்ட்_வாசி

ஜெர்மனியில் இதற்குத் தேர்வே இருக்கிறது என்பதால் சொல்கிறேன். இங்கே ஒரு கம்பெனி அப்ரண்டிஸ் எடுக்க வேண்டுமானால், பயிற்சிப் பொறுப்பாளர் அந்தத் தகுதியைக் காட்ட வேண்டும். 1969இல் தொழிற்பயிற்சிச் சட்டம், 1972இல் பயிற்றுநர் தகுதி விதிகள். தொழில் வர்த்தக சபை தேர்வு வைக்கும். மூன்று மணி நேரம் எழுத்து. அப்புறம் செய்முறை, அதிகபட்சம் அரை மணி நேரம். ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதை ஒரு பயிற்சி மாணவருக்குச் சொல்லிக் கொடுத்துக் காட்ட வேண்டும், அல்லது எப்படிச் சொல்லிக் கொடுப்போம் என்று விளக்க வேண்டும், ஏன் அப்படிச் செய்தோம் என்று தேர்வாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் எழுதியபோது வெர்னியர் காலிப்பரில் அளப்பதை எடுத்துக்கொண்டேன். ஓசூர் நண்பர் சொன்ன நான்கு படி முறையை இங்கேயும் பலர் அதில் பயன்படுத்துவார்கள்.

2003இல் இந்தத் தேர்வை நிறுத்திவைத்தார்கள். தேர்வு இல்லாவிட்டால் அதிகக் கம்பெனிகள் அப்ரண்டிஸ் எடுக்கும் என்ற எண்ணம். 2009 ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பயிற்சியின் தரத்துக்கு அது தேவை என்று முடிவுக்கு வந்தார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். தேர்வு எழுதுவது பெரும்பாலும் பொறுப்பாளர்தான். பிள்ளையோடு தினமும் மெஷினில் நிற்கும் தொழிலாளிக்கு அது கட்டாயம் இல்லை. அதனால் லேத் அண்ணனைப் போன்றவர்கள் இங்கேயும் பல ஷாப்பில் தனியாகத்தான் தவிக்கிறார்கள். நல்ல கம்பெனிகளில் பொறுப்பாளர் வாரா வாரம் அவர்களோடு உட்காருகிறார், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று கேட்கிறார். என் பழைய இடத்தில் அப்படி யாரும் உட்கார்ந்ததில்லை. சான்றிதழ் மட்டும் சுவரில் இருந்தது.

தொழிலாளர்_சட்டம்

குறுக்கே ஒரு தகவல். நம் அப்ரண்டிஸ் சட்டத்திலும் (1961) இதற்கு இடம் உண்டு. 11ஆம் பிரிவைப் பாருங்கள். முதலாளிக்கே அந்தத் தொழிலில் தகுதி இல்லாவிட்டால், குறிப்பிட்ட தகுதி உள்ள ஒருவரைப் பயிற்சிக்குப் பொறுப்பாக வைக்க வேண்டும் என்கிறது. 18ஆம் பிரிவின்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. மூன்று மாதம் பர்ர் மட்டும் எடுக்க வைத்தால் அது பயிற்சியா என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது.

ஓஎம்ஆர்_டெஸ்டர்

இவ்வளவு பேசியும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். நான் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் முதல்முறை மென்டார் ஆனேன். ஒரு மணி நேர ஆன்லைன் வகுப்பு முடித்தேன், சான்றிதழ் வந்தது.

இரண்டாவது மாதம், என்னிடம் விடப்பட்ட பெண் காபி குடிக்கலாமா அக்கா என்று கூப்பிட்டாள். உட்கார்ந்ததும், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். செய்தேன். டீமில் ஒருவர் தொடர்ந்து அனுப்பிய மெசேஜ்களைக் காட்டினாள். படிக்கவே கை நடுங்கியது. சத்தியம் செய்துவிட்டேனே. ஐந்து வாரம் தூக்கமில்லாமல் இருந்தேன். மேனேஜரிடம் சொன்னால் அவளுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். எனக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. கடைசியில் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அவள் முகத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு நானாகத் தேடிப் படித்தேன். 2013இல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். எழுத்து மூலம் புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். புகார் கொடுத்தவரின் பெயரையும் விவரங்களையும் வெளியே விடக் கூடாது. இதெல்லாம் அன்று எனக்குத் தெரிந்திருந்தால், சத்தியம் செய்வதற்குப் பதிலாக, "உன்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன், ஆனால் இதைக் கேட்க ஒரு குழு இருக்கிறது, வா, கூட வருகிறேன்" என்று சொல்லியிருப்பேன்.

கோவை சார், உங்கள் வகுப்பில் அரை மணி நேரமாவது இதற்கு வையுங்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு மென்டாரிடமும் கொடுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். தற்கொலை எண்ணம், கடன், வீட்டில் அடி என்று எதுவும் வரலாம். மென்டார் மருத்துவர் இல்லை, வக்கீல் இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொழிலாளர்_சட்டம்

சகோதரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தச் சட்டத்தில் 'ஊழியர்' என்பதன் விளக்கத்திலேயே பயிற்சியாளரும் அப்ரண்டிஸும் அடக்கம். அவர்கள் நம் சம்பளப் பட்டியலில் இல்லை, எனவே குழுவிடம் போக முடியாது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

லேத்_22வருடம்

என்னிடம் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் ஒன்றுமே சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். இந்தப் பதிவைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை. எங்கள் கம்பெனியில் குழு எங்கே இருக்கிறது என்று நாளைக்குக் கேட்கிறேன்.

கோவை_பயிற்சிப்பிரிவு

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இங்கே இருந்து எடுத்துக்கொண்டதுதான் எல்லாம்.

சனிக்கிழமை வகுப்பை நிர்வாகத்திடம் பேசிக் கைவிட்டோம். அதே செலவில், ஷிஃப்ட் மாறும் நேரத்தை ஒட்டி இரண்டு மணி நேரமாக ஐந்து நாள். முடிச்சில் தொடங்கினேன். எங்கள் பிளான்ட் மேனேஜரையே முதல் ஆளாகக் கூப்பிட்டேன். அவரால் போட முடியவில்லை. ஒன்பது பேரும் அதைப் பார்த்தார்கள். அதன்பின் அவர்கள் தங்களுக்குத் தெரியாததைச் சொல்லத் தயங்கவே இல்லை. ஆளுக்கு ஒரு வேலையைப் பிரித்து எழுதி வந்தார்கள். எழுதச் சிரமப்பட்ட இருவருக்கு, அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

நேரம்: முதல் எட்டு வாரம் மென்டார் மெஷினுக்கு ஷிஃப்டுக்கு 45 நிமிடம் கணக்கில் கழித்துக்கொள்வது என்று எழுதி வாங்கினேன். போர்டில் தனிக் கட்டம் போட்டோம். மூன்றாவது வாரம் டெஸ்பாட்ச் நெருக்கடி வந்து, அந்த 45 நிமிடத்தை எடுத்துவிட்டார்கள். நான் சண்டை போட்டேன், நான்கு நாள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. அந்த நான்கு நாளில் இரண்டு பிள்ளைகள் மறுபடி டிரே அடுக்கப் போய்விட்டார்கள். அடுத்த முறை டெஸ்பாட்ச் நெருக்கடி வந்தால் என்ன செய்வேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மதிப்பீட்டைக் குவாலிட்டிப் பிரிவுக்கு மாற்றினோம். உள்ளகக் குழுவின் தலைவரை வகுப்புக்கு வரவழைத்தோம். பெயர்களும் போன் நம்பர்களும் உள்ள அட்டை ஒவ்வொருவர் லாக்கரிலும் ஒட்டியிருக்கிறது.

இதில் எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, மாதம் ஒருமுறை மென்டார்கள் மட்டும் ஒரு மணி நேரம் உட்காருவது. டீ, வடை. சூப்பர்வைசர் யாரும் கிடையாது. நானும் முதல் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுவேன். முதல் மாதம் யாரும் வாயே திறக்கவில்லையாம். இரண்டாவது மாதம் ஒருவர், தன் பையன் மதியம் சாப்பிடாமல் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறான், கேட்டால் பசிக்கவில்லை என்கிறான், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அதற்கு இன்னொருவர், "எங்கிட்ட இருக்கறவனும் அப்படித்தான்" என்றிருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் ஸ்டைபண்டை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்று மாலையே ஒன்பது பேரும் என் அறைக்கு வந்து நின்றார்கள். கேன்டீனில் அப்ரண்டிஸ்களுக்கு மதியச் சாப்பாடு இப்போது இலவசம். எந்த வகுப்பிலும் இந்த விஷயம் எனக்குத் தெரிய வந்திருக்காது.

இரண்டு பேர் மென்டார் வேலை வேண்டாம் என்றார்கள். முதல் பதிவில் நான் சொன்ன தங்கமான மனிதர் அதில் ஒருவர். "எனக்கு மெஷின்தான் தம்பி வரும், ஆளுங்க வராது" என்றார். இப்போது அவர் தன் வேலைகளை எல்லாம் பிரித்துத் தாளில் எழுதித் தருகிறார், மற்றவர்கள் அதை வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பட்டியலில் அவர் பெயரை எடுத்ததை யாரும் குறைவாக நினைக்காதபடி பார்த்துக்கொண்டோம். மீதி ஏழு பேரில் நான்கு பேருக்கு மூன்று மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மென்டார்களைத் தயார் செய்ய வேண்டும்.

இந்தத் தொகுதியில் 18 பேரில் இதுவரை 2 பேர் போயிருக்கிறார்கள். ஒருவனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஐந்து மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. நான்கு பையன்கள் பீகாரிலிருந்து வந்தவர்கள். மென்டார்களுக்குத் தமிழ் மட்டும்தான். சைகையில் ஓடுகிறது. தாளை இந்தியில் மொழிபெயர்த்தோம், படிக்கிறார்கள். ஆனால் மூன்றாவது படியில், செய்துகொண்டே விளக்கு என்றால் அவன் இந்தியில் விளக்குகிறான், மென்டாருக்கு அது சரியா தவறா என்று தெரிவதில்லை. யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

லேத்_22வருடம்

தம்பி, எங்களிடமும் இந்த வருடம் ஒரு பீகார் பையன் இருக்கிறான். நான் செய்வது இதுதான். போன தொகுதியில் இருந்த இந்திக்காரப் பையன் இப்போது பக்கத்து மெஷினில் பெர்மனன்ட் ஆகிவிட்டான். மூன்றாவது படிக்கு மட்டும் பத்து நிமிடம் அவனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். புதியவன் விளக்குவான், இவன் எனக்குத் தமிழில் சொல்வான். அவன் மெஷின் கணக்கிலும் அந்தப் பத்து நிமிடத்தைக் கழிக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

போன வாரம் போர் (துளை) டயல் கேஜ் வைத்து உள்விட்டம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். கேஜை லேசாக அப்படியும் இப்படியும் ஆட்டி, முள் எங்கே திரும்புகிறதோ அந்த மிகக் குறைந்த அளவை எடுக்க வேண்டும் என்று தாளில் எழுதியிருக்கிறேன். புதியவன் விளக்கும்போது பாதியில் நின்று ஏதோ கேட்டான். ஏன் குறைந்த அளவு, அதிக அளவை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்கிறான் என்றான் மற்றவன். கேஜ் சாய்ந்திருந்தால் குறுக்கே நீளமாக அளக்கும், நேராக நிற்கும்போதுதான் குறைவாக வரும் என்று ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். காரணம் என்ற இடத்தில் நான் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது அந்தப் படத்தைத் தாளில் ஒட்டிவிட்டேன். உங்களிடம் அந்த வேலைக்குத் தாள் இருந்தால் இங்கே போடுங்கள், என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.